ஆண்டு மதிப்பீட்டுப் பாரம்: பேராக் பல்கலைக்கழக ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பேராக் மாநிலத்தில் உயர்கல்விக்கூடங்களுக்குக் குறைவில்லை. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் (உப்சி), கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோலகங்சாரில் சுல்தான் அஸ்லான் ஷா பல்கலைக்கழகம், ஈப்போவில் குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகம், நாட்டின் முதல் பாலிடெக்னிக்காக 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் என்று வரிசை நீள்கிறது. இங்கெல்லாம் விரிவுரையாளராக, ஆய்வுக்கூட உதவியாளராக, நூலகப் பணியாளராக, அலுவலக ஊழியராக வேலை செய்யும் தமிழர்களில் பலர் தோட்டப் பிள்ளைகள். பேராங், சிலிம் ரிவர், துரோலாக், சுங்காய், பீடோர் என்று பழைய நெடுஞ்சாலை ஓரமாகவும், அந்தப் பக்கம் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்திலும் பால்மரம் சீவிய குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை.

இவர்கள் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பாரம் வருகிறது. சம்பள உயர்வு, பதவி உறுதி, பதவி உயர்வு, மேற்படிப்பு விடுப்பு, ஒப்பந்த நீட்டிப்பு ஆகியவை எல்லாம் அந்தப் பாரத்தில் விழும் புள்ளியைத் தொட்டே நகர்கின்றன. அப்படியிருந்தும் பலர் அதை டிசம்பர் மாதத்து வேலையாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஜனவரியில் தொடங்கிவிடுகிறது.

தோட்டத்தில் வேலையை அளக்கத் தராசு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்குப் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், நிறுத்து, மெட்ரோலாக் வைத்துப் பார்த்து, கிராணி கணக்கில் எழுதுவார். அந்தக் கணக்கிலும் தகராறு வந்ததுண்டு. மழை பெய்தால் பால் இல்லை, விலை விழுந்தால் கூலி இல்லை. ஆனாலும் முள் எங்கே நின்றது என்பதைச் சீவியவரே பார்க்க முடிந்தது. பல்கலைக்கழக வேலைக்கு அப்படி ஒரு முள் இல்லை. ஓர் அலுவலக ஊழியர் ஆண்டு முழுவதும் எத்தனை மாணவரின் பதிவுக் குளறுபடியைச் சரிசெய்தார் என்பதை அவரே எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதாத வேலை, மதிப்பீட்டைப் பொறுத்தவரை நடக்காத வேலை.

முறை வந்த வழி

உப்சி ஒரு பொதுப் பல்கலைக்கழகம். கூட்டரசுச் சட்டபூர்வ அமைப்பு. 1922 நவம்பர் 29-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 மே 1-இல் பல்கலைக்கழகமானது. இத்தகைய அமைப்புகளின் ஊழியர்களுக்குப் பொதுச் சேவைத் துறை, அதாவது ஜே.பி.ஏ., வெளியிடும் சுற்றறிக்கைகளே அடிப்படை. பல்கலைக்கழக வாரியம் ஏற்றுக்கொண்ட பிறகு அவை அங்கே நடைமுறைக்கு வருகின்றன.

சம்பளத்தையும் மதிப்பீட்டையும் நேரடியாக முடிச்சுப் போட்டது 1992-இல் வந்த புதிய ஊதிய முறை. அப்போது சம்பள அட்டவணை கட்டம் கட்டமாக இருந்தது. ஆண்டுப் புள்ளியைப் பொறுத்து ஒருவர் நகராமல் நிற்கலாம், கிடையாக நகரலாம், அல்லது செங்குத்தாகவோ குறுக்காகவோ தாவலாம். தாவியவருக்கும் நின்றவருக்கும் ஒரே மேசையில் வேலை. அதனால் எழுந்த மனக்கசப்பைப் பழைய அரசாங்க ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். 2002-இல் மலேசிய ஊதிய முறை, சுருக்கமாக எஸ்.எஸ்.எம்., வந்தபோது பி.டி.கே. என்ற தகுதிநிலைத் தேர்வு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை, 2011-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக அறிவிக்கப்பட்ட எஸ்.பி.பி.ஏ. ஊதிய முறை 2012-இல் தொடக்கத்திலேயே இரத்தானது.

இப்போது நடப்பில் இருப்பது 2024 டிசம்பர் 1 முதல் வந்த எஸ்.எஸ்.பி.ஏ. ஊதிய முறை. நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினருக்கும் அமலாக்கப் பிரிவினருக்கும் 15 விழுக்காட்டு உயர்வு இரண்டு கட்டமாக வகுக்கப்பட்டது: 2024 டிசம்பரில் 8, 2026 ஜனவரியில் 7. பதவித் தர எண்களும் மாறின, டி.ஜி. 41 என்றிருந்த ஆசிரியர் தரம் டி.ஜி. 9 ஆனது. பழைய எண்ணையே மனத்தில் வைத்துக்கொண்டு பதவி உயர்வு அறிவிப்பைப் படிப்பவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள்.

இத்தனை மாற்றத்திலும் தொடர்ந்து வந்தது ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைதான். மலாயில் லாப்போரான் பெனிலாயான் பிரெஸ்தாசி தாஹுனான்; எல்லார் வாயிலும் எல்.என்.பி.டி. இதன் உருவத்தை வகுத்தது 2002-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை. பின்னர் வந்த திருத்தங்களும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென அமைத்துக்கொண்ட இணையப் பாரங்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. பள்ளி ஆசிரியர்களுக்குப் பின்னர் வேறொரு மதிப்பீட்டு முறை வந்துவிட்டதால், உப்சியில் இருக்கும் கணவரும் தமிழ்ப்பள்ளியில் இருக்கும் மனைவியும் பாரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

பாரத்துக்குள் என்ன இருக்கிறது

நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினருக்கான வழக்கமான எல்.என்.பி.டி. பாரத்தில் நூறு புள்ளியில் 50 வேலையின் விளைவுக்கு: எவ்வளவு, எவ்வளவு தரமாக, எவ்வளவு நேரத்தில், எந்த அளவுக்குப் பயன்படும்படி. 25 அறிவுக்கும் திறனுக்கும். 20 தனிப் பண்புகளுக்கு: ஒழுங்கு, முன்முயற்சி, ஒத்துழைப்பு போன்றவை. மீதி 5 அதிகாரபூர்வப் பணிக்கு வெளியே செய்யும் தொண்டுக்கு. ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி. 9, 10 என்றால் மிக உயர்வு, 5, 6 என்றால் நடுத்தரம்.

இருவர் புள்ளி போடுகிறார்கள். நேரடி மேலாளர் முதல் மதிப்பீட்டாளர். அவருக்கு மேலே இருப்பவர் இரண்டாம் மதிப்பீட்டாளர். இரண்டின் சராசரிதான் இறுதிப் புள்ளி. முதல் மதிப்பீட்டாளர் அந்த ஆண்டில் குறைந்தது ஆறு மாதமாவது அந்த ஊழியரை மேற்பார்வை செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டு நடுவே பிரிவு மாறியவர்கள் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். செப்டம்பரில் வந்து சேர்ந்த புதிய தலைவர், தாம் பார்க்காத எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் புள்ளி போடுவது முறையல்ல. யார் மதிப்பிடப் போகிறார் என்பதை மாற்றலாகும் அன்றே மனிதவளப் பிரிவில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது.

வேலையின் விளைவுக்கான 50 புள்ளிக்கு அடித்தளம் எஸ்.கே.டி., அதாவது ஆண்டு வேலை இலக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் ஊழியரும் முதல் மதிப்பீட்டாளரும் உட்கார்ந்து பேசி, இன்னின்ன வேலை, இத்தனை எண்ணிக்கை, இந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆண்டு நடுவில் மீளாய்வு. வந்த புது வேலையைச் சேர்க்கலாம், இல்லாமற்போனதை நீக்கலாம். ஆண்டு முடிவில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இருவரும் எழுத வேண்டும். இது சுற்றறிக்கையில் உள்ளது. பல அலுவலகங்களில் நடப்பது வேறு என்பது ஊரறிந்த இரகசியம்: சென்ற ஆண்டின் இலக்கை நகல் எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, டிசம்பரில் மூன்று கையெழுத்தையும் ஒரே நாளில் போடுவது. இதில் மேலாளருக்கு நட்டம் எதுவுமில்லை. ஆண்டு நடுவில் கூடுதல் வேலை தலையில் விழுந்த ஊழியருக்குத்தான் நட்டம், ஏனென்றால் அந்த வேலைக்குத் தாளில் இடமே இல்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு புலத்தில் தேர்வுப் பிரிவைப் பார்க்கும் உதவி நிர்வாக ஊழியர் ஒருவர் பேறுகால விடுப்பில் போகிறார். அவருடைய வேலையைப் பக்கத்து மேசைக்காரர் மூன்று மாதம் சேர்த்துச் செய்கிறார். இலக்குத் தாளில் அது இல்லை. ஆண்டு முடிவில் அவருடைய சொந்த வேலை இரண்டு வாரம் தாமதமானது மட்டும் எல்லார் கண்ணிலும் படுகிறது. ஜூன் மீளாய்வில் ஒரு வரி சேர்த்திருந்தால் அதே தாமதம் பாராட்டாக மாறியிருக்கும்.

அந்தக் கடைசி 5 புள்ளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் ஊழியர்கள் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். விளையாட்டு, சங்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றைச் சமூக நிலை, மாவட்ட நிலை, மாநில நிலை, தேசிய நிலை என்று பிரித்து எழுதச் சொல்கிறது பாரம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர், ஆலய நிர்வாகக் குழுவின் கணக்காய்வாளர், இளைஞர் மன்றக் காற்பந்துப் பயிற்றுநர், முன்னாள் மாணவர் சங்கப் பொருளாளர் ஆகியவை எல்லாம் எழுதத்தக்க பொறுப்புகள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைத் தாங்கி நிற்பவர்களில் அரசாங்க, பல்கலைக்கழக ஊழியர்கள் கணிசம். "கோயில் வேலையைப் போய் ஆபீஸ் பாரத்தில் எழுதுவதா" என்று கூச்சப்பட்டு அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள். பதிவுபெற்ற அமைப்பின் நியமனக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் கூச்சத்துக்கு இடமில்லை. ஐந்தில் இரண்டு புள்ளி போனால் என்ன என்று தோன்றலாம். பல பதவி உயர்வு அறிவிப்புகளில் கடந்த 3 ஆண்டுச் சராசரி பார்க்கப்படுகிறது. ஒரு புள்ளி குறைந்து வரிசையிலிருந்து விழுந்தவர்கள் உண்டு.

மேல் எல்லையில் இருப்பது சிறப்புச் சேவை விருது, ஏ.பி.சி. ஒரு துறையின் ஊழியரில் 8 விழுக்காட்டினருக்குச் சான்றிதழும் 1,000 ரிங்கிட்டும். அளவு இருப்பதால் அது பல இடங்களில் முறை வைத்துக் கொடுக்கும் பரிசாகிவிட்டது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டு அவருக்கு, இந்த ஆண்டு இவருக்கு. இதைக் குறை சொல்வோர் ஊழியர்களை வரிசைப்படுத்திக் கழிக்கும் தனியார் நிறுவன முறையையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாப்ட் அந்த முறையை வைத்திருந்து, ஒத்துழைப்பு கெடுகிறது என்று 2013-இல் கைவிட்டது. முறை வைத்துக் கொடுப்பதாவது யாரையும் பகையாக்குவதில்லை.

கீழ் எல்லை கடுமையானது. 2015-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை கொண்டுவந்த வெளியேற்றக் கொள்கைப்படி, 60 புள்ளிக்குக் கீழே விழும் ஊழியர் கண்காணிப்புக்கும் மேம்பாட்டுத் திட்டத்துக்கும் உட்படுத்தப்படுகிறார். அதன் பிறகும் தேறாவிட்டால் பணிநீக்கம் வரை போகலாம். நிரந்தர வேலை என்றால் யாராலும் அசைக்க முடியாது என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது.

காலியாக விடப்படும் கட்டம்

பாரத்தின் இரண்டாம் பகுதியில் பயிற்சிக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, இந்த ஆண்டு சென்றுவந்த பயிற்சிகள். அதை எல்லாரும் நிரப்புகிறார்கள். மற்றொன்று, தேவைப்படும் பயிற்சிகள், ஏன் தேவை என்ற காரணத்துடன். இதைத்தான் பெரும்பாலோர் காலியாக விடுகிறார்கள் அல்லது "கணினி" என்று ஒரு சொல் எழுதி முடிக்கிறார்கள்.

அரசாங்கத் துறை மனிதவளப் பயிற்சிக் கொள்கையை வகுத்த 2005-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சுற்றறிக்கை, ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்கிறது. எண்ணிக்கையை நிரப்புவது எளிது. மண்டபத்தில் நடக்கும் பேச்சுக்குப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தாலும் கணக்கில் சேரும். ஆனால் எந்தப் பயிற்சி என்பதை யார் தீர்மானிக்கிறார்? ஊழியர் கேட்காவிட்டால் அலுவலகம் தீர்மானிக்கும். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் புதிதாக வந்த கருவிக்கு உற்பத்தியாளர் தரும் பயிற்சியைப் பெயர் சொல்லி, அது எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாணவருக்குப் பயன்படும் என்று எழுதினால், அடுத்த ஆண்டின் எஸ்.கே.டி.யிலும் அதை ஒரு வரியாகச் சேர்க்க முடியும். கேட்டும் கிடைக்கவில்லை என்றால், கேட்டது எழுத்தில் இருக்கிறது. "இவர் தம்மை வளர்த்துக்கொள்ளவில்லை" என்று பிறகு யாரும் எழுத முடியாது.

விரிவுரையாளர்கள் நிலை

கல்விசார் ஊழியரின் மதிப்பீடு தனி. போதனை, ஆய்வு, வெளியீடு, முதுகலை மாணவர் மேற்பார்வை, ஆலோசனைப் பணி, பல்கலைக்கழகத்துக்கும் சமுதாயத்துக்கும் ஆற்றும் சேவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடை வைக்கப்படுகிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டம் 2015-2025-ஐத் தொடர்ந்து வெளிவந்த ஆரஞ்சு நூல், எல்லாரும் ஆய்வாளராகத்தான் உயர வேண்டும் என்ற நிலையை மாற்ற நான்கு பாதைகளை வகுத்தது: போதனை, ஆய்வு, தொழில்முறைப் பயிற்சி, நிறுவனத் தலைமை. தாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் தமக்குப் பொருத்தமான பாதை எது என்று தங்கள் புலத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு முடிவு செய்த இளம் விரிவுரையாளர்கள் குறைவு. பெரும்பாலோர் இரண்டு பாதையிலும் ஒரு காலை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

தமிழ்த்துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்சியில் தமிழ்க் கல்வி இளங்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களில் ஒரு பகுதியினர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அங்கே பாடம் நடத்துபவர் தமிழ்ப்பள்ளி வாசிப்பைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரை ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆனால் வெளியீட்டுக்கான புள்ளி ஸ்கோபஸ், வெப் ஆப் சயன்ஸ் போன்ற பட்டியல்களில் உள்ள ஆய்விதழ்களுக்கே அதிகம். அந்தப் பட்டியல்களில் தமிழில் வெளியாகும் இதழ்கள் மிகச் சில. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை நடத்தும் தமிழ்ப் பேராய்வு போன்ற இதழ்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. விளைவு என்னவென்றால், பேராக் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய ஆய்வு அங்குள்ள ஆசிரியர் படிக்காத ஆங்கில இதழில் வெளிவருகிறது, அல்லது இரண்டு முறை எழுதப்படுகிறது.

ஆய்விதழின் பெயரை வைத்து ஆளை அளப்பது சரியா என்ற கேள்வி உலக அளவிலும் எழுந்துள்ளது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் வரையப்பட்டு மறு ஆண்டு வெளியான அறிக்கை, இதழின் தாக்கக் குறியீட்டைத் தனி ஆய்வாளரின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்றது. மாணவர் தரும் புள்ளிக்கும் இதே கதி. பாடம் முடிவில் மாணவர்கள் விரிவுரையாளருக்குப் போடும் புள்ளிக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2017-இல் உட்ல், வைட், கொன்சாலெஸ் ஆகியோர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். மறு ஆண்டு கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்குப் போதனைத் திறனை அளக்க அந்தப் புள்ளியைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். மலேசியாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது. ஆனாலும் மாணவர் புள்ளி குறைந்த ஓர் ஆண்டில், சக விரிவுரையாளர் ஒருவரை வகுப்பில் வந்து பார்த்து எழுதச் சொல்லி அறிக்கை வாங்கி வைப்பது இங்கேயும் உதவும்.

முனைவர் பட்டம் இல்லாமல் இந்த ஏணியில் அதிக தூரம் ஏற முடியாது. பொதுப் பல்கலைக்கழக இளம் கல்வியாளருக்கான பயிற்சித் திட்டங்களில் ஸ்லாப் பூமிபுத்ராக்களுக்கானது. பொதுப் பல்கலைக்கழகக் கல்வியாளருக்கான ஸ்லாய் திட்டத்தில் மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியர்களுக்கும் அரசாங்க ஊழியர்களுக்கும் எச்.எல்.பி. என்னும் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளம். இவை எல்லாவற்றிலும் மதிப்பீட்டுப் புள்ளியும் பணி உறுதியும் கேட்கப்படுகின்றன, பிணை ஒப்பந்தமும் உண்டு. படிப்பை முடிக்காமல் திரும்பினால் பிணைத் தொகை பெரிய கடனாகக் கழுத்தில் விழும். கையெழுத்திடுமுன் உத்தரவாதம் தருபவரும் அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்களில்

ஈப்போ, கம்பார், ஸ்ரீ இஸ்கண்டார் வளாகங்களில் எல்.என்.பி.டி. கிடையாது. அவரவர் நிறுவனத்தின் கே.பி.ஐ. பாரம்தான். போனஸ், ஒப்பந்தப் புதுப்பிப்பு எல்லாம் அதன்படி. இங்கே வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் உண்டு: எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனம். அதன் 2017-ஆம் ஆண்டுத் திட்ட அங்கீகார நெறிமுறையில் ஆசிரியர் வளம் ஒரு தனிப் பகுதி. கல்விசார் ஊழியரில் 60 விழுக்காட்டினராவது முழு நேரத்தினராக இருக்க வேண்டும், மதிப்பீடும் மேம்பாடும் முறையாக நடக்க வேண்டும் என்கிறது. அங்கீகாரக் குழு வரும் மாதத்தில் பயிற்சிகள் திடீரென்று பெருகுவதை ஊழியர்கள் கவனித்திருப்பார்கள்.

பயிற்சிக்குப் பணமில்லை என்று நிர்வாகம் சொன்னால் ஒரு கேள்வி கேட்கலாம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும், சட்டத்துக்குட்பட்ட முதலாளிகள் எச்.ஆர்.டி. கோர்ப் என்னும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தீர்வை கட்டுகிறார்கள். அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. அந்தத் தொகை பயிற்சிக்காக இருக்கிறது. பயன்படுத்தாமல் கிடந்தால் யாருக்கும் இலாபமில்லை.

வேலைத்திறன் போதவில்லை என்று நீக்கினால், தொழில்நீதிமன்றம் மூன்று கேள்வி கேட்கிறது. 1987-ஆம் ஆண்டு ஐ.இ. புரோஜெக்ட் வழக்கிலிருந்து நிலைபெற்ற அளவுகோல் இது: குறை என்னவென்று ஊழியருக்கு எச்சரிக்கை தரப்பட்டதா, திருந்தப் போதிய அவகாசம் தரப்பட்டதா, அதன் பிறகும் அவர் தேறவில்லையா. நான்கு ஆண்டு நல்ல புள்ளி வாங்கியவரை ஐந்தாம் ஆண்டு ஒரே கடிதத்தில் அனுப்பினால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் பழைய மதிப்பீட்டுத் தாள்களின் நகலை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் இருப்பவை வேலை போன அன்றே கைவிட்டுப் போகும். ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான் என்று சொன்னாலும் விசாரிக்க இடமுண்டு. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலையா என்று நீதிமன்றம் பார்க்கும் என்பதை 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏய்ம்ஸ் சைபர்ஜெயா வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனால் 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி மனுக் கொடுக்க 60 நாள்தான். ஈப்போவில் உள்ள தொழிலுறவு இலாகாவுக்கு 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். பொதுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு வழி வேறு. அவர்களின் ஒழுங்கு விவகாரங்கள் 2000-ஆம் ஆண்டின் 605-ஆம் சட்டத்தில் வருகின்றன.

பாரமே வராதவர்கள்

இத்தனை பாரங்களும் எட்டாத ஒரு கூட்டம் எல்லா வளாகத்திலும் உண்டு. நடைபாதை கூட்டுகிறவர்கள், கழிப்பறை கழுவுகிறவர்கள், வாசலில் நிற்கும் காவலர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெரியவர்கள் பலர் இந்த வேலைகளில்தான் சேர்ந்தார்கள். அவர்கள் பல்கலைக்கழக ஊழியரல்லர், குத்தகையாளரின் ஊழியர்கள். இரண்டு மூன்று ஆண்டில் குத்தகை மாறும், சட்டை மாறும், ஆள் அதே ஆள்.

புதிய குத்தகையாளரின் கணக்கில் அவர் புதிய ஊழியர். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்கு 12 நாளும், அதற்கு மேல் 16 நாளும் ஆண்டு விடுப்பு தருகிறது. பதினைந்து ஆண்டு அதே மாடியைக் கூட்டியவருக்கும் குத்தகை மாறிய ஆண்டில் 8 நாள்தான். அரசாங்கக் கட்டடங்களில் குத்தகை முறையை ஒழிக்கக் கோரும் அரசாங்க ஒப்பந்தத் தொழிலாளர் அமைப்பு (ஜே.பி.கே.கே.) முன்வைக்கும் குறைகளில் இதுவும் ஒன்று.

இவர்களுக்கும் ஒரு பதிவு இருக்கிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையில் ஒவ்வொரு குத்தகையாளரின் சந்தாவும் தேதியோடு வரிசையாக நிற்கும். அதே ஆவணம், பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கப்படும் அலுவலக ஊழியருக்கும் பயன்படுகிறது. ஏட்டுத் தகுதிக்குப் பதிலாக அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேரும் ஏ.பி.இ.எல். முறையில் எம்.கியூ.ஏ. பார்ப்பது வேலை அனுபவத் தொகுப்பைத்தான். டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைப் பட்டத்துக்கு 21, முதுகலைக்கு 30 நிரம்பியிருக்க வேண்டும். படிக்க விரும்பும் துறையில் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேலாளரின் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், சேமநிதி அறிக்கை, கையெழுத்தான எஸ்.கே.டி. தாள் ஆகியவை அந்தத் தொகுப்பில் வைக்கத்தக்கவை. சேமநிதி அறிக்கையை இணையத்தில் இறக்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் ஈப்போ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டுப் பெறலாம்.